அவள் உதறிய சட்டைகள்

பிப்ரவரி 9

மனைவிக்கு இருமல், மூன்றாவது மாதம். மருந்துக்கடைக்காரர் கொடுத்த டானிக் இரண்டு பாட்டில் காலி. டாக்டரிடம் போகலாம் வா என்றால், “இருபது வருஷமா கல்லு அறுக்கிற மிஷின் முன்னாடி நிக்கிறது நீங்க. முதல்ல உங்களைக் காட்டுங்க” என்கிறாள். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 21

நான்கு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 3

நெஞ்சுப் படம் எடுத்தோம், எனக்கும் சேர்த்து. பட்டறையில் நான் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. என் படம் சுத்தம். அவள் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி.

“எந்தக் கல் பட்டறையிலம்மா வேலை?” என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார்.

“நானா? நான் அந்தப் பக்கமே போனதில்லையே!” சிரிக்கிறாள், பாவி.

“அவர் துணியை யார் துவைக்கிறது? கண்ணுக்குத் தெரியாத தூள்தான்மா உள்ள போய்த் தங்கும்.”

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன்.

மார்ச் 4

துவைப்பதற்கு முன் என் சட்டையைத் தினமும் உதறுவாள். முதலில் வாசலில்தான் உதறினாள். கொடியில் காயும் துணியெல்லாம் வெள்ளை பூக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். எனக்கு வம்பு ஆகாது. “பாத்ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு உதறு, யார் கேக்கப்போறா?” – சொன்னது யார்? நான். நான்தான். ஜன்னல்கூட இல்லாத அறை. பதினோரு வருஷம்! எனக்கு மட்டும் மாஸ்க் வாங்கத் தெரிஞ்சுதே. அறிவு எங்கடா போச்சு உனக்கு?

மே 17

நுரையீரல் இனிப் பழையபடி ஆகாதாம். பட்டறையை விட்டுவிட்டேன். ஆக்ஸிஜன் இயந்திரம் வாடகைக்கு வந்திருக்கிறது. உங்கள் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவலை என்கிறாள்.

இன்று சொல்லிவிட்டேன், கதவைச் சாத்தச் சொன்னது நான்தானே என்று. அவள் மூச்சைக் கூட்டிக்கொண்டு கேட்டாள்: “உங்க படத்துல... ஒண்ணும் இல்லைன்னு... நல்லா பாத்துதானே சொன்னாங்க?”

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.

ஜூலை 30

இன்று அவளுக்குப் பேச மூச்சு இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 12

இயந்திரத்தை எடுத்துப்போக வாடகைக் கடைக்காரர் வந்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டே, “அம்மாவுக்குக் குணமாயிடுச்சா சார்?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

கனமாக இருந்தது. வண்டிவரை நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.