கடலைத் தூர்க்கும் பறவை

12.7.1979, வியாழன்

மகள் கிணற்றில் விழுந்து இறந்து நான்கு மாதமாகிறது. அன்றிலிருந்து என் மனைவி சரசு தினமும் அந்தக் கிணற்றில் ஒரு கல்லைப் போடுகிறாள். இன்று அண்ணன் வந்து, "உம்பட சம்சாரத்துக்குச் சொல்லு சாமி. கெணறு தூந்துபோச்சுன்னா வெள்ளாமை என்னாகறது?" என்றார்.

நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. நூலகத்தில் படித்த சீனக் கதை ஒன்றை அவளிடம் சொன்னேன். கடலில் மூழ்கிய ஒரு சிறுமி ஜிங்வெய் என்ற பறவையாகி, இனி யாரும் மூழ்கக் கூடாதென்று அலகில் கல்லும் சுள்ளியும் கொண்டுவந்து கடலைத் தூர்க்கிறாளாம். விடாமுயற்சிக்கு அங்கே அந்தப் பறவையைத்தான் சொல்வார்களாம்.

சரசு, "அந்தப் புள்ளையோட அம்மா என்னங்க பண்ணுனா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் தாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.