இறங்குகிற ரயில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? பட்டிப்பொல மலையுச்சிக் குளிரிலும் நான் சுகமாக இருக்கிறேன். லீவுதான் இன்னும் தரவில்லை.

சனிக்கிழமை நாங்கள் ரயில்வே ஆட்கள் கோயில் முன்னால் மைக் வைத்து, தண்டவாளத்தைக் கவனமாகக் கடப்பது பற்றிப் பேசினோம். நான் கேட் காவலன் என்பதால் என்னையும் பேசவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஓர் அக்கா சிரித்தார். "இன்ஜின் முக்குற சத்தம் தூரத்துலயே கேக்கும் தம்பி. அப்புறம் என்னா பயம்?"

நீங்கள் எனக்குச் சொல்லித்தந்ததும் அதேதான்.

"ஏறுற ரயில்தான் முக்கும்க்கா. எறங்குறது மூடுபனிக்குள்ள சத்தமில்லாம வந்துரும்" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொழுந்து நிறுக்கப் போகும்போது தண்டவாளத்தைக் கடக்காமல் பாலத்தால் சுற்றிப் போங்கள். தலைத்துணியைக் காதை மூடிக் கட்டாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கால் கொடுங்கள், தினமும்.

மணி அடித்துவிட்டது, கேட்டை மூட வேண்டும். நான் இப்போது பச்சைக்கொடி காட்டி அனுப்பும் ரயில்தான் இன்னும் இரண்டு மணி நேரத்தில் நம் லயத்து வீடுகள் பக்கம் இறங்கி வரும்.

உங்கள் மகன்
ஜீவராஜ்