சாணி மெழுகிய களம்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஏணிக்குக் கயிறு மாற்றினேன். பழையது நைந்துவிட்டது. மேல்காட்டு மிளகு பறித்தாயிற்று, களத்தில் காய்கிறது. கீழ்க்காடு இன்னும் கொடியிலேயே.

வியாழக்கிழமை கோயம்புத்தூர் மசாலா கம்பெனி அம்மா வருகிறார். காடு பிடித்துப்போனால் வருஷா வருஷம் நம் மிளகையே எடுத்துக்கொள்வார்களாம். அதற்குள்:
வழியில் கிடக்கும் பலா இலையைக் கூட்ட வேண்டும்.
டம்ளர் இரண்டு வாங்க வேண்டும். இருப்பதெல்லாம் நசுங்கல்.
முகம் மழிக்க வேண்டும்.

சரசுவுக்குச் சொல்லலாமா? வேண்டாம், முடிந்த பிறகு சொல்லலாம். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

என் பெண்சாதி நாமக்கல்லில் முட்டை அடுக்கும் கம்பெனிக்குப் போய் இரண்டு வருஷம். அங்கேயே ஹாஸ்டல். களைக்கொல்லி அடிக்க மாட்டேன், நிழல் மரத்தை வெட்ட மாட்டேன் என்று நான் நின்ற வருஷம், விளைச்சல் பாதிகூட இல்லை. அவள் சண்டை போடவில்லை. பெட்டியைக் கட்டினாள். “உங்க காடு எப்ப நமக்குச் சோறு போடுதோ, அன்னிக்கு வாரேனுங்க” என்றாள். பொங்கலுக்கும் நோம்பிக்கும் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். விருந்தாளி மாதிரி. அவளைத் தப்புச் சொல்ல முடியுமா? வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இன்றைக்கும் புளிக்குழம்பு. நான் வைத்தால் புளி மட்டும்தான் இருக்கும்.

பிப்ரவரி 4, புதன்

பங்காளி பழனி வந்தான். இந்தக் காட்டைப் பார்த்து “பன்னி படுக்கற பொதரு” என்று ஊரெல்லாம் சொன்னவன். தன் காட்டு மரத்தை விற்றான், மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கினான். முதல் வருஷம் நல்ல மகசூல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். போன கோடையில் மண் வெந்து, கொடி முக்கால்வாசி கருகிவிட்டது.

“ஏப்பா, உன் கொடியில நாலு துண்டு வெட்டிக் குடு. நட்டுப் பாக்கறேன்.”

“பொதருல வந்து கேக்கறயேடா?”

“அட, விடப்பா. பேசினது நெசந்தான்.”

கொடுக்கிறேன் என்றேன். சரசு இதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

நாளைக்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆள் வருகிறார், களம் வெறுமனே கிடக்கலாமா? மிளகை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு, பசுஞ்சாணி கரைத்து, நோம்பிக்கு மெழுகுவது போல மூலை முடுக்கு விடாமல் மெழுகினேன். இடுப்பு போச்சு. மத்தியானம் தரை காய்ந்ததும் மிளகைத் திரும்பப் பரப்பினேன். பார்க்க அவ்வளவு லட்சணம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கெட்டது.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த அம்மா காடு முழுக்க நடந்தார். இலைச்சருகை விலக்கி மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார். “நாங்க புண்ணியத்துக்கு வரலீங்க, வியாபாரத்துக்குத்தான் வந்திருக்கறோம். ஒரு வருசம் அள்ளிக் குடுத்துட்டு மறுவருசம் பட்டுப்போற காட்டை நம்பி நாங்க எப்படிக் கம்பெனி நடத்தறது? இந்த மாதிரி நெழலும் சருகும் இருந்தாத்தான் கொடி நிக்கும். கொடி நின்னாத்தான் எங்க கடையும் நிக்கும்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்லத் தெரியாமல்தானே இரண்டு வருஷம் சரசுவிடம் திணறினேன்.

அப்புறம் களத்துக்குக் கூட்டி வந்தேன். குனிந்து தரையைத் தொட்டார்.

“ஏனுங்க, இது எப்ப மெழுகினது?”

“நேத்துத்தானுங்க. நீங்க வாரீங்கன்னு.”

“அய்யோ, ஏனுங்க இப்படிப் பண்ணீங்க? பசுஞ்சாணியில கெடக்கற கிருமியெல்லாம் மிளகுல ஏறிக்கும். சோதனையில ஒடனே காட்டிக்குடுத்துரும். இந்த மிளகை நாங்க தொட முடியாதுங்க.”

வீட்டுக்கே சாணி தெளிக்கிறோம், சாமி கும்பிடுகிற இடத்தில் மெழுகுகிறோம். அது அழுக்கு என்று யாருக்குத் தோன்றும்? மருந்து அடிக்காதவன், உரம் போடாதவன், சாணியில் போய் விழுந்தேன். கீழ்க்காட்டு மிளகைத் தார்ப்பாயில் காயவைத்துச் சுத்தமாகக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம், அதை வைத்துத்தான் முடிவு என்றார். காபி குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷி.

கோபம் முழுக்க என் மேல்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

கீழ்க்காட்டில் பறிப்பு. ஏணியின் மேலே நிற்கும்போதுதான் சிக்னல் கிடைக்கிறது. அங்கிருந்தே சரசுவைக் கூப்பிட்டேன். எல்லாம் நல்லபடி என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சாணியையும் சொன்னேன், அந்த அம்மா மண்ணை மோந்ததையும் சொன்னேன், பழனியையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“ஊட்டுல தார்ப்பாய் இருக்குதுங்களா?”

“ஒண்ணு இருக்குது. ஓட்டை.”

“செரி, வெக்கறேனுங்க.”

அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது கொஞ்ச நேரம் குரலைக் கேட்டிருப்பேன்.

பிப்ரவரி 7, சனி

மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள்! தலையில் நாலு புதுத் தார்ப்பாய். கொண்டை ஊசி வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாளாம், முகம் வெளுத்திருந்தது. சுமையை வாங்கி இறக்கினேன். “தார்ப்பாய் நல்ல கனமா இருக்குதே” என்றேன். மடையன்.

என்னைப் பார்க்கவில்லை. நேரே காட்டுக்குள் போனாள். ஒவ்வொரு மரமாகக் கொடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, “எளைச்சுப் போயிட்டீங்க” என்றாள்.

காட்டைச் சுற்றிவிட்டு வந்து இதைத்தான் சொன்னாள்.

பிறகு இரண்டு பேரும் பறித்து வைத்த மிளகுச் சரத்தை மிதித்து மணியை உதிர்த்தோம். காலில் மிளகு எரிச்சல். வீட்டில் புளிக்குழம்பு வாசம், இந்தத் தடவை சரியான வாசம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விடிந்ததும் தார்ப்பாயை விரித்தோம். நாலு மூலைக்கும் கல். சரசு கை கழுவிவிட்டுத்தான் மிளகைத் தொட வேண்டும் என்று எனக்குச் சட்டம் போட்டாள். தொட்டேன், திட்டினாள், கழுவினேன். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

“இது காய எத்தனை நாளுங்க ஆகும்?”

“அஞ்சு நாள்.”

ஏணியில் ஏறி சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். “மிளகு காயற வரைக்கும் லீவு வேணுங்க சார். ஆமாங்க, அஞ்சு நாள்.” இறங்கி வந்தவளிடம், அதற்கப்புறம் என்ன என்று கேட்டேவிட்டேன்.

“மொதல்ல கம்பெனிக்காரங்க எடுக்கட்டும். பாக்கலாமுங்க.”

இப்போது களத்தோரம் உட்கார்ந்து மிளகைக் கையால் துழாவிக்கொண்டிருக்கிறாள். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. இதே மாதிரி அடித்தால் மூன்றே நாளில் காய்ந்துவிடும். சாமி, கொஞ்சம் மேகம் போடு.