மஞ்சள் போன குடுவை

மார்ச் 4

எங்கள் கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: வினையூக்கி இல்லாமல் செய்து பார்த்தீர்களா? அது ஆய்வகத்தில் எனக்கு மூத்தவளான அக்கா மூன்று வருடமாக இரும்பில் செய்த வினையூக்கி. விலை கூடிய பல்லேடியம் என்ற உலோகத்துக்குப் பதில் இரும்பு. "சும்மா ஒரு சம்பிரதாயம், நீயே பண்ணிடேன்" என்றாள். அடுத்த மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டிய அவசரம் அவளுக்கு.

மார்ச் 5

மஞ்சள் நைட்ரோ கரைசல், அதற்கு ஹைட்ரைடு கொடுக்கிற போரோஹைட்ரைடு; வினை நடந்தால் மஞ்சள் போய்விடும். இரும்பு போடவில்லை. நிறம் அப்படியே இருந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் போய்விட்டது!

மார்ச் 6

மறுபடியும் போய்விட்டது.

மார்ச் 9

புதுப் புட்டி, புதுத் தண்ணீர், புதுக் குடுவை. அப்படியும் போகிறது. ஏதாவது ஓர் உலோகம் நடுவில் நின்று ஹைட்ரைடை வாங்கி நைட்ரோவுக்குக் கொடுத்தால்தான் இது நடக்கும். யார் அந்த நடு ஆள்? பயப்பட வேண்டிய நேரத்தில் ஆவலாக இருக்கிறது. என்ன புத்தி இது?

மார்ச் 11

கலக்கும் இயந்திரம் பக்கத்து அறைக்குப் போயிருந்தது. கையாலேயே குடுவையைச் சுழற்றினேன். நாற்பது நிமிடம். மஞ்சள் அசையவில்லை. இயந்திரத்தோடு போடுகிற சின்னக் காந்தக் குச்சியை உள்ளே போட்டுச் சுழற்றினேன் — கண்ணெதிரே வெளுத்தது.

குச்சியின் வெள்ளை உறையில் சாம்பல் நிறக் கீறல்கள். எப்போதோ யாரோ பல்லேடியத்தில் செய்த வேலையின் மிச்சம். அப்படியானால் அக்காவின் குடுவையிலும் —

மார்ச் 12

சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியுமே.

மார்ச் 13

சொன்னேன். "விளையாடாதடி" என்றாள். உறை பிரிக்காத புதுக் குச்சியைக் கொடுத்தேன். இரும்பை அவளே நிறுத்துப் போட்டாள். மூன்று மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"மூணு வருஷம்டி" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கூடப் பிறக்காத குறையா பழகிட்டு, அவ தலையில நானே கல்லைத் தூக்கிப் போட்டேனே. வேற எப்படிச் சொல்லியிருக்கணும்?

மார்ச் 14

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மார்ச் 17

வந்தாள். நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம் சார். இரும்பு ஒண்ணுமே செய்யல."

"யார் பார்த்தது?"

என்னைக் கை காட்டினாள். "இவதான். நான் முதல் வருஷமே பார்த்திருக்கணும்."

ஆய்வேடு ஆறு மாதம் தள்ளிப்போகிறது.

மார்ச் 24

பழைய குச்சிகளை எல்லாம் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அள்ளும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இரு, அந்தக் கீறல் விழுந்த குச்சியை மட்டும் குடு. கழுவிக் கழுவிப் போட்டா எத்தனை தடவை வேலை செய்யும்னு நினைக்கிற?"

"அஞ்சு?"

"நான் பத்துன்னு சொல்றேன்."

ஏப்ரல் 2

இன்று பதினேழாவது தடவை. பன்னிரண்டு நிமிடத்தில் மஞ்சள் போய்விட்டது. அக்கா புது நோட்டில் நேரத்தைக் குறித்துவிட்டு, அடுத்த கரைசலைக் கலக்க எழுந்தாள்.