எஃப்-7க்கு ஒரு பெயர்

மார்ச் 3
கால்நடை மருத்துவமனையில் கணினி வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் நிரந்தரம்; இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து வீட்டுக்காரரின் அறிவுரையைக் கேட்க வேண்டும். இன்று பெரிய டாக்டர் கூப்பிட்டார். "இதென்னம்மா, ஸ்கிரீன்ல ஒவ்வொரு கட்டத்துக்கும் டி-3, எம்-2ன்னு பேரு? பாத்ததும் புரியணும்." மொத்தம் அறுபத்திரண்டு கட்டங்கள்!

மார்ச் 5
டி-3, உடல் வெப்பம். எம்-2, கடைசித் தடுப்பூசி. பெயர் வைக்க வைக்கப் பெருமையாக இருக்கிறது. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது என்னை யார் கேட்டார்கள்?

மார்ச் 6
எஃப்-7 மட்டும் பிடிபடவில்லை. ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். வலியா? கடிக்குமா? டாக்டர்களுக்கே தெரியவில்லை. வரவேற்பில் இருக்கும் அக்காவைக் கேட்டால், "அதைத் தொடாதம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறார்.

விடுவேனா?

மார்ச் 9
நச்சரித்துக் கறந்துவிட்டேன். பிராணிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டி வருகிறவர் எவ்வளவு படுத்துகிறார் என்று அக்கா பதினோரு வருடமாகப் போட்டுவரும் மதிப்பெண்! வரிசையில் முண்டினால் மூன்று. டாக்டருக்கே வைத்தியம் சொன்னால் ஐந்து. பார்த்ததும் புரிய வேண்டுமே — 'உரிமையாளர் படுத்தும் அளவு' என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 10
போச்சு. பெயர் வைத்த கட்டமெல்லாம் தானாக மருந்துச் சீட்டில் அச்சாகுமாம். யாராவது சொன்னாங்களா எங்கிட்ட? காலையிலிருந்து பதினேழு சீட்டு போயிருக்கிறது. பதினேழாவது, பெரிய டாக்டரின் மாமியாருக்கு. பூனைக்கு வயிற்றுப்போக்கு, மாமியாருக்கு ஐந்து. சீட்டும் கையுமாக நேரே மருமகன் அறைக்குப் போனார். நான் கழிவறைக்குப் போனேன்.

மார்ச் 11
டாக்டர் கூப்பிட்டார். "நம்பர் போட்டது யாரு?"

அக்கா அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "பேரு வெச்சது நான்தான் டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். வேலை போனால் போகட்டும்.

டாக்டர் மாமியாரின் சீட்டை எடுத்துப் பார்த்தார். எழுந்து கதவைச் சாத்தினார். "ஏம்மா, இதுல அஞ்சுக்கு மேல போட முடியாதா?"

மார்ச் 12
எஃப்-7 பழையபடி எஃப்-7. பெயர் கிடையாது, அச்சாகாது.

ஏப்ரல் 2
நிரந்தர உத்தரவு கைக்கு வந்தது. முதலில் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அப்புறம் சும்மா, எங்கள் நாயின் பதிவைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவைதான் காட்டியிருந்தேன்.

எஃப்-7: ஒன்று. முன்பு நான்காக இருந்ததாம். மாற்றிய தேதி, மார்ச் 11.

நான்கா? நானா? அப்படி என்ன படுத்திவிட்டேன்? நாளைக்கு அக்காவிடம் கேட்காமல் விடப் போவதில்லை.