கிடாருக்குக் கொலுசு பாலிஷ்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்குச் சளி விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் லாட்ஜின் முதலாளி ஜைனப் அக்காவின் மகள் ஷிரின் ஞாயிறன்று கோடை விழாவில் வாசிக்கிறாள். அவளுடைய எலெக்ட்ரிக் கிடார் ஏற்காட்டு ஈரத்தில் இரண்டு வருடம் அலமாரியில் கிடந்ததால், கம்பி முறுக்கும் சாவியெல்லாம் பச்சை பூத்துக் கறுத்திருந்தது. மேடையேற மாட்டேன் என்று அழுதாள். நான் உலோகப் பாகங்களை மட்டும் கழற்றி, நீங்கள் கொலுசைத் தேய்ப்பதுபோல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் மாமா, அப்படி மின்னுகிறது.

"எங்க கண்ணு கத்துக்கிட்ட?" என்றார் அக்கா.

"எங்க ஊட்டுக்காரரு கொலுசுப் பட்டறையில பாலிஷ் போடறவருங்க."

"அப்ப அவர வரச் சொல்லு. லாட்ஜ்ல பித்தளை பூராம் கறுத்துக் கெடக்குது, பத்து நாள் வேலை இருக்கும். பின்னாடி ரூம்ல ரெண்டு பேரும் தங்கிக்கங்க."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரஷ்களோடு என் ஸ்வெட்டரையும் நம் வீட்டுத் தலையணையையும் எடுத்து வாருங்கள். இங்கேயும் தலையணை இருக்கிறது, ஐந்து மாதமாகத் தூக்கம்தான் இல்லை.

சேலம் போகும் ஜீப் ஹாரன் அடிக்கிறது, கடிதத்தை அதில்தான் கொடுத்து அனுப்புகிறேன். திங்களன்று வரும் முதல் பஸ்ஸுக்கு ஸ்டாண்டில் நிற்பேன்.

உங்கள்
கலைமணி