உயரத் தொப்பி

ஜனவரி 19, 1998

ஸ்க்ராண்டனில் மறுபடி பனி. எனக்கு வருத்தமில்லை. இப்போது பனி தாங்கும் கூரைகளெல்லாம் மார்ச்சில் ஒழுகி என் கடைக்குத்தான் வரும்.

அப்பாவை இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஈஸ்டர் வரை தாங்கினால் பெரிது என்றார். திரும்பி வரும்போது காரில் அப்பா ஆரம்பித்தார்.

"டெலியா, என் சவப்பெட்டியில நம்ம ஊரு மண்ணு ஒரு பிடி வைக்கணும்."

"எந்த ஊருப்பா? நீங்க பொறந்ததே இந்தத் தெருவுல."

"அயர்லாந்துல மேயோ. நம்ம கூரையப் பிடுங்கின வீட்டு மண்ணு. நீதான் போய் எடுத்தாரணும்."

எண்பத்து நாலு வயதில் இப்படி ஓர் ஆசை. மண்ணுக்காகக் கடல் தாண்டுவதா? ஆனால் அவர் வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லை.

ஜனவரி 25

அப்பாவின் தாத்தா ஆஸ்டின் கெராட்டி 1882-ல் அயர்லாந்திலிருந்து அமெரிக்கா வந்தவர். ஜமீன்தாரின் ஆட்கள் கூரையைப் பிரித்து அவரைத் தெருவில் நிறுத்தினார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. நான் அதை விற்றும் பிழைத்தேன். கூரைச் சாமான் கடை ஆரம்பித்தபோது பலகையில், "எங்கள் கூரையைப் பிடுங்கினார்கள். உங்கள் கூரையை நாங்கள் போடுகிறோம்" என்று எழுதிவைத்தேன். அதன்பிறகுதான் வியாபாரம் பிடித்தது.

மார்ச்சில் ஐரிஷ்காரர்கள் நடத்தும் புனித பாட்ரிக் ஊர்வலத்தில் ஐம்பது வருடமாக எங்கள் வண்டி போகிறது. லாரிமேல் கூரையில்லாத ஒரு வீடு. உள்ளே நாங்கள் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்போம். வெளியே உயரத் தொப்பியும் கையில் சாவியுமாக ஒருவன் நிற்பான். துரத்தப்பட்டவனின் நிலத்தை வளைத்துப்போட்ட அண்டை வீட்டுக்காரன் வேஷம். வீதியே அவன்மேல் முட்டைக்கோஸ் எறியும்.

அந்தத் தொப்பி எப்போதும் என் தம்பி மலக்கிக்குத்தான். "உனக்குத்தான்டா மூஞ்சி பொருந்துது" என்று அப்பா சிரிப்பார். அவனுடைய பதின்மூன்றாவது வயதில் யாரோ முட்டைக்கோசுக்குப் பதில் கல்லை எறிந்தார்கள். புருவத்துக்கு மேல் நாலு தையல். அடுத்த வருடமும் தொப்பி அவனுக்கே. நாங்களும் சிரித்தோம். நானும்தான்.

பதினெட்டு வயதில் நாட்டின் மறுகோடிக்கு, ஆரிகன் போனவன் திரும்பி வரவேயில்லை.

பிப்ரவரி 3

அப்பாவின் உடம்பைப் பற்றிச் சொல்ல மலக்கிக்குப் போன் செய்தேன். செய்தி பதியும் கருவிதான் பேசியது. வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, மேயோ

ஆஸ்டின் தாத்தாவின் கப்பல் பெட்டி மூடியில் எழுதியிருந்த சிற்றூரைக் கண்டுபிடித்துவிட்டேன். வீட்டைக் காட்டியது தபால்காரர். எங்கள் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. வண்டி விலை பேசும்போது விற்பவன் எதையோ மறைப்பானே, அந்த முகம்.

வீட்டுக்காரி அட்ராக்டா ருவேன். அறுபது வயதிருக்கும். பெயரைச் சொன்னேன். கெட்டிலை அடுப்பில் வைத்தார்.

"அமெரிக்காவுலேர்ந்து வர்றவங்க எல்லாருமே துரத்தப்பட்டவங்க வம்சந்தான். துரத்தினதுல லாபம் பாத்தவங்க வம்சத்துல ஒருத்தரும் வந்ததில்ல. நீங்கதான் முதல். சர்க்கரை எத்தன ஸ்பூன்?"

எனக்குப் புரியவில்லை என்றேன். அவர் சொல்லித்தான் புரிந்தது.

கூரை பிரிக்கப்பட்டது ருவேன் குடும்பத்துக்கு. அவர்களில் இரண்டு பேர் ஏழைகள் விடுதியில் செத்தார்கள். மறு மாதமே அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புதுக் கூரை போட்டவர் அண்டை வீட்டு ஆஸ்டின் கெராட்டி. ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. கடையில் ரொட்டி தரவில்லை. கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லாரும் எழுந்துபோனார்கள். இரண்டு வருடம் இப்படியே. மூன்று வயது மகள் சபைனா காய்ச்சலில் போனாள். தச்சன் பெட்டி செய்ய மாட்டேன் என்றான்.

"கதவைக் கழட்டிப் பெட்டி பண்ணினாராம். எங்க வீட்டுக் கதவு அது. தூக்கவும் ஆளில்ல. அவரே தோள்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாரு. அந்த வாரமே கிளம்பிட்டாங்க. அப்புறந்தான் வீடு எங்க கைக்குத் திரும்பிச்சு."

ஒரு பிடி மண் கேட்க வந்தேன் என்றேன்.

"முடியாதும்மா. முன்ன எடுத்ததே போதும்."

ஞாயம்தானே? நானாக இருந்தாலும் தரமாட்டேன்.

கோட்டை எடுத்து மாட்டினேன். அட்ராக்டாவும் மாட்டிக்கொண்டார். "வாங்க." கல்லறைத் தோட்டத்தின் வடக்கு மூலைக்குக் கூட்டிப்போனார். பெயர் எழுதாத ஒரு கல். சுற்றிலும் புல் வெட்டியிருந்தது.

"எங்கம்மா வெட்டுவாங்க. இப்ப நான் வெட்டுறேன். கொழந்த என்ன பண்ணிச்சு? இந்த ஊர்ல உங்களுக்குன்னு இருக்கறது இது மட்டும்தான். இதுல எடுத்துக்குங்க."

தேயிலை டப்பாவையும் அவரே கொடுத்தார்.

மார்ச் 1

டப்பாவைப் படுக்கையில் வைத்தேன். அப்பா மூடியைத் திறந்து முகர்ந்தார். "கூரை இருந்த எடத்துலதானே எடுத்த?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சந்தோஷமாகப் போவார். வாயில் வரவில்லையே, என்ன செய்ய? கெட்ட சரக்கை நல்லதென்று நான் யாருக்கும் கொடுத்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா டப்பாவை மூடினார். அப்புறம், "ஊர்வலத்தன்னைக்கு எங்க தாத்தா ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடிடுவாரு. வீடு போன துக்கம்னு நெனச்சோம்" என்றார்.

பிறகு அலமாரியிலிருந்து ஆஸ்டின் தாத்தாவின் போட்டோவை எடுக்கச் சொன்னார். பார்த்துக்கொண்டேயிருந்தார். மலக்கியின் முகம். அச்சு அசல்.

"அவனுக்குப் போன் போடு."

மறுபடி அந்தக் கருவிதான். அப்பா மெல்லப் பேசினார். நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன்.

மார்ச் 5

ஊர்வலக் கமிட்டியிலிருந்து கேட்டார்கள். இந்த வருடம் வண்டி வராது என்றேன். "கெராட்டி வண்டி இல்லாம ஊர்வலமா? முட்டைக்கோஸ எங்கடி எறியறது?" என்று சிரித்தார்கள்.

மார்ச் 8

விடிகாலை அப்பா போய்விட்டார். மலக்கியிடமிருந்து தகவல் இல்லை.

மார்ச் 11

அடக்கம். பெட்டியை மூடப்போகும் நேரத்தில் வாசலில் ஒரு நரைத்த ஆள். புருவத்துக்கு மேல் வடு. வேலையாகக் காட்டுக்குள் இருந்தானாம், நேற்றுத்தான் வீடு திரும்பினானாம்.

டப்பாவை நீட்டினேன். "எந்த மண்ணுக்கா இது?"

"சபைனாவோடது. அப்புறம் சொல்றேன்."

அவனே தூவினான்.

மார்ச் 14

வீதியில் ஊர்வல மேளச் சத்தம். நாங்கள் போகவில்லை. மலக்கி பையிலிருந்து ஒரு சின்ன ஒலிநாடாவை எடுத்தான். கருவியிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். போட்டோம்.

"மலக்கி. அப்பா பேசறேன். அந்தத் தொப்பி உன்னோடது இல்லடா. என்னோடது."

அவ்வளவுதான். மறுபடி போடச் சொன்னான். மறுபடி.

மார்ச் 16

கடைப் பலகையை இறக்கினோம். மலக்கி ஏணியைப் பிடித்துக்கொண்டான். இரண்டு திருகாணி துருப்பிடித்து வரமாட்டேன் என்றது. எதிர்க் கடைக்காரர் வந்து, "புதுசுல என்னம்மா எழுதப்போற?" என்று கேட்டார்.

போன் நம்பர் மட்டும் என்றேன்.